எல் என்ற எழுத்து

முனவ்வர் கடையில் பழைய எக்ஸ்ரே
கிலோ எண்பது ரூபாய்.
வெள்ளி எடுக்கிறவர்கள் அள்ளியது போக
மிச்சம் எனக்கு.

பகலில் காட்பாடி மேம்பாலம் ஓரம் பிளெக்ஸ் டிசைன்:
மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, வருக வருக.
யார் தோளுக்குப் பின்னாலும்
ஒரு புலியை நிறுத்தத் தெரியும் எனக்கு.

ராத்திரி
ஒரு மண்டையோட்டின் மேல்
கெங்கையம்மன் சிரசு எழுதினேன்.
துரியோதனன் வேஷத்துச் சிவப்பு,
அதில் வெள்ளைப் புள்ளி வரிசை,
பிளெக்ஸில் கை பழகிய ரோஸ்,
சீரியல் பல்பு ஒளிவட்டம்.
குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள்
தேங்காய் ஓடு குத்திய கால்
அப்போதும் வலித்தது.
நெற்றியில் விரிசல் ஒன்று. குங்குமம் வைத்து மூடினேன்.
ஓரத்தில் எல் என்று ஓர் எழுத்து, திரும்பி நின்றது.
கிளியாக்கித் தோளில் உட்காரவைத்தேன்.
கண்ணைக் கடைசியில் திறக்கவேண்டும் என்பார்கள்.
பொறுமையில்லை. முதலில் அதைத்தான் திறந்தேன்.

சத்துவாச்சாரி, கல்யாண மண்டபம்,
சாப்பாட்டுக் கூடத்தில் கண்காட்சி.
சென்னையிலிருந்து வந்தவர்
இது கூத்தா, பாப்பா என்றார்,
ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்பதுபோல.

பிறகு கிருபாவதி வந்தார்.
முப்பது வருஷம் எக்ஸ்ரே அறை.
கையில் டிபன் கேரியர்.
கிளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அது இடது பக்க அடையாளம்.
ஆளைத் திருப்பி மாட்டியிருக்க."

கழற்றித் திருப்பினேன்.

மாலை போனது, கிளி போனது, ஒளிவட்டம் போனது.
கறுப்பு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு
எலும்பு இருந்த இடத்தில் மட்டும்
வண்ணத்தை விட்டுவைத்தது.
பிலிமின் நீலம் ஏறி
சிவப்பு நாவல்பழமாகியிருந்தது.
முதலில் வைத்த கண்
எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றது.
குங்குமத்தைப் பிளந்துகொண்டு
விரிசல்.
மூலையில், இப்போது நேராக:
எஸ். ஹெம்ப்ரம், ஆண், 41.

ஒருத்தி தலை இன்னொருத்தி உடல் என்பது
எங்கள் பக்கத்தில் பழைய கதை.
இந்தத் தலைக்குரியவர்
எந்த ரயிலில் ஏறிப் போனாரோ.

விலைச் சீட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

கிருபாவதி அம்மனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
விரிசலின் மேல், தொடாமல், விரலை ஓட்டினார்.
"சின்னதுதான்," என்றார்.
"கூடியிருக்கும்."