செவ்வாய், ஏழு முதல் எட்டு வரை

உறையைப் பிரிக்காமலே யூனாவுக்குத் தெரிந்தது.
நகர மன்றத்தின் கெட்ட கடிதங்கள்
எப்போதும் கொஞ்சம் கனமாக இருக்கும்.

வடகடலோரச் சிற்றூரில் ஒரு நீச்சல்குளம்.
ஸ்காட்லாந்தின் பிப்ரவரி
கூரைக் கண்ணாடியை மழையால் தட்டுகிறது.
செவ்வாய் மாலை ஏழு மணி பெண்களுக்கானது.
யூனா சாளரத்துக்குப் பின்னால் அமர்ந்து
சாவி தருகிறாள், துண்டு தருகிறாள்,
முடி உலர்த்தியில் போடச் சில்லறை மாற்றித் தருகிறாள்.
இனி இன்னொன்றும் செய்ய வேண்டுமாம்.
யார் பெண் என்று பார்த்து அனுப்ப வேண்டுமாம்.
எப்படிப் பார்ப்பது என்று
மூன்று பக்கக் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

பதினோரு வருடமாக வருகிறாள் ரோனா.
(வருகிறாள் என்று எழுதிவிட்டேன்.
தமிழில் தப்பிக்க வழியில்லை.
வினை முடியும் இடத்தில்
ஒரு மெய்யெழுத்து உட்கார்ந்துகொண்டு
சான்றிதழ் கேட்கிறது.
வருகிறார் என்று போட்டு
மரியாதைக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம்.
ஒளியவில்லை.)
படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கைகள்.
நாற்பத்தொன்றாம் பெட்டியின் கதவை
முழங்கையால் எங்கே இடித்தால் திறக்கும் என்று
அவளுக்கு மட்டும்தான் தெரியும்.
பழைய பிறப்புச் சான்றிதழும் புதியதும்
ஒரே பிளாஸ்டிக் உறையில்
முதுகோடு முதுகாக இருக்கும்.
யூனா கேட்டதில்லை. நனைந்த பையை
ஒருமுறை ஹீட்டரருகே கவிழ்த்தபோது
தானாக வெளியே விழுந்தது.

இஷ்பெல் வருவதும் அதே மணிக்குத்தான்.
முதல் நாள், உடை மாற்றும் அறையை
மூன்று தரம் திறந்து பார்த்துவிட்டு
காலணியைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனவள்.
முன்பு வாழ்ந்த வீட்டில்
உள்தாழ்ப்பாள் பிடுங்கப்பட்ட கதவு ஒன்று இருந்தது.
அதற்குமேல் அவள் சொன்னதில்லை.
போன வாரம் சாவியைத் திருப்பித் தரும்போது
"ரோனாமேல் எனக்கு ஒன்றுமில்லை" என்றாள்.
"சட்டம் எதையும் சொல்லட்டும், யூனா.
என் உடம்பு அதைப் படித்ததில்லை."

இன்று வாசலில் இரண்டு கூட்டம்.
இரண்டின் பதாகையிலும் பாதுகாப்பு என்ற சொல்,
இரண்டிலும் மை வழிகிறது.
இதுவரை ஒருவர்கூட நீந்த வந்ததில்லை.
யாரோ ஒருவன் ஒலிபெருக்கியைச் சோதிக்க
இஷ்பெல் பேருந்தைவிட்டு இறங்கவே இல்லை.
சன்னலோரம் அவள் சிவப்புத் தொப்பி
நகர்ந்துபோனதை யூனா பார்த்தாள்.

ரோனா இறங்கி வந்தாள்.
கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பை
உதிரிபாகப் பட்டியல் படிப்பதுபோல்
நிதானமாகப் படித்தாள்.
"நாற்பத்தொன்றை யாருக்கும் கொடுக்காதே.
கீல் தளர்ந்திருக்கிறது, விரலை நசுக்கும்."
பையிலிருந்து திருப்புளியை எடுத்து
இரண்டடி வைத்தாள், நின்றாள்,
சாளரத்தின் வழியே அதை நீட்டினாள்.

ஏழேகாலுக்குக் குளத்தில் இரண்டே பேர்,
பேசிக்கொள்ளாமல் நீந்துகிறார்கள்.
யூனா ஈரத் தரையில் மண்டியிட்டு
திருகாணியின் தலையைத் தடவிக் கண்டுபிடிக்கிறாள்.
எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பது
அவளுக்கு மறந்துபோயிருக்கிறது.