ஜெலுத்தோங் மண்டபத்தில் ஒரு பதிவு

நாற்காலி முந்நூறு என்று எழுதி,
அடித்து, இருநூற்று எண்பது என்று எழுதி,
வந்து இறங்கியவை இருநூற்றுப் பத்து.
மீதி லொரியோடு பாலத்தில் நிற்கிறதாம்.

"நீயே பதிந்து வை" என்றிருந்தாள் தவமலர்,
ஒன்றாம் படிவத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து
நகம் கடித்தவள்.
துணைப் பதிவாளராகி எனக்கு இது ஏழாவது.

மூன்று வாரம் அறிவிப்புப் பலகையில்
இருவர் பெயரும் வெயிலில் வெளுத்தன.
ஆட்சேபிக்க வந்தது
ஒரே ஒரு பல்லி.

சூன் லீயின் அம்மாவுக்குத் தமிழ் வராது.
மலாயில் கேட்கலாம் என்றால்
'செத்துஜு'வின் முதல் பாதியை
மணவறையில் சொல்லவே கூடாது என்று
என் கையைப் பிடித்துக்கொண்டார் தவமலரின் சித்தி.
சரி, தமிழிலேயே.

இரவெல்லாம் விழித்து எழுதியது நான்கு பக்கம்.
"இல்லறம் என்பது" என்றேன்.
தகரக் கூரைமேல் மழை பிடித்தது.
இரண்டாம் பக்கத்தில்
என் குரல் எனக்கே கேட்கவில்லை.
தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
கத்தினேன்: சம்மதமா?
என்னது? என்றான் சூன் லீ.
சம்மதமா!

தவமலர் போட்ட "சம்மதம்"
சமையல்கட்டுவரை போயிருக்க வேண்டும்.
கரண்டியும் கையுமாக எட்டிப்பார்த்தவர்
"சாம்பார் இன்னும் பத்து நிமிஷம்" என்றார்.

முதலில் சிரித்தது
தமிழ் வராத அந்த அம்மாதான்.

கையெழுத்துப் போடும்போது
சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது.
நல்ல நேரம் பதினொன்றுக்கே முடிந்திருந்தது.
சித்தி நிமிர்ந்து பார்த்தார்.
பிறகு சாரலில் நனைந்திருந்த பேனாவை வாங்கி
முந்தானையில் துடைத்து
மாப்பிள்ளையிடம் நீட்டினார்.