தளமட்டம்

"லிஃப்ட்!" என்று உள்ளிருந்து ஒரு குரல்.
என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று
ஸ்பேனரோடு போய் நின்றேன்.
நுங்கம்பாக்கம், நான்காவது மாடி.
கண்ணாடிச் சுவர், மரத்தரை, செருப்புக்குத் தடை.
ஒரு பையன் ஒரு பெண்ணைத்
தலைக்கு மேல் தூக்கி வைத்திருந்தான்.
யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பெயரும் லிஃப்ட்தானாம்.
மிஸ் ஷெரில் சொன்னார், பிறகு, டீ கொடுத்து.
அந்தக் கட்டடத்துப் பெட்டி
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நின்றுவிடும் ஜாதி.
மாதம் நான்கு முறை போனேன்.
போனால் சீக்கிரம் முடிக்கமாட்டேன்.

சனிக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்கு
லேப்டாப்பில் வெளிநாட்டு பாலே போடுவார்.
கதவு மோட்டாரைத் துடைத்தபடி நானும் பார்த்தேன்.
ஆள் மாற்றிச் சத்தியம் செய்துவிட்டு
அழுகிற இளவரசன் ஒருவன்.
கறுப்பு உடையை வெள்ளையென்று நம்பும் அளவுக்குக் காதலாம்.
எனக்கு ஒட்டவில்லை.
ஏமாற்றியவனைச் செத்த பிறகும்
விடியும்வரை காப்பாற்றுகிற ஒருத்தி.
அவள் மேல் கோபம்தான் வந்தது.
ஆனாலும் கால் தரையில் படாத மாதிரி
அவள் பின்னால் பின்னால் போனது
ராயபுரம் வரை என்கூடவே வந்தது.

எனக்குப் பிடித்தது இவர்கள்தான்:
வியாசர்பாடி இளமாறனும் அண்ணாநகர் அனகாவும்.
இருவருக்கும் காதல் கிடையாது.
அவனுக்கு ரெட்ஹில்ஸில் வேறொருத்தி.
அவளுக்கு மே மாதம் கல்யாணம்.
இசை தொடங்கும்வரை சண்டை:
வெங்காய பஜ்ஜி தின்றுவிட்டு வந்தான் என்று,
அவள் நகம் கீறியது என்று.
இசை தொடங்கினால்
அவன் கை அவள் இடுப்புக்கு
அரை விரல் முன்னே போய்க் காத்திருக்கும்.
அவள் திரும்பிப் பாராமலே சாய்வாள்.
கை அங்கே இருக்கும் என்று எப்படித் தெரியும்?
கேட்டே விட்டேன்.
"தெரியாதுண்ணா. சாயணும், அவ்ளோதான்."

தூக்கும்போதுதான் எல்லாரும் கைதட்டுவார்கள்.
மிஸ் ஷெரில் அதைப் பார்ப்பதே இல்லை.
கண்ணை மூடிக் காத்திருப்பார்
அவள் தரைக்கு வரும் நேரத்துக்கு.
டொக் என்று கேட்டால், மறுபடியும்.
ஒருநாள் பதினேழு தடவை மறுபடியும்.
பதினெட்டாவதில் ஒன்றும் கேட்கவில்லை,
ஏசி மட்டும்.
அனகா நின்றுகொண்டிருந்தாள்,
எப்போது வந்தாள் என்று
தரைக்கே தெரியாமல்.

எங்கள் தொழிலில் இதற்குத் தளமட்டம் என்று பெயர்.
மேலே போவது பெரிய விஷயமில்லை,
எடைக்கல் பார்த்துக்கொள்ளும்.
பெட்டியின் வாசலும் மாடியின் வாசலும்
ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.
பிரேக் கடைசி நொடியில் கடிக்கக் கூடாது,
கடிக்காமலும் இருக்கக் கூடாது.

சகாயமேரியிடம் சொன்னேன்.
அம்பத்தூர் எக்ஸ்போர்ட்டில் காலர் செக்கிங் அவளுக்கு,
பத்து மணி நேரம் நின்ற நிலையில்.
"அந்தப் பொண்ணு கால் விரலப் பாத்தியா?"
பார்த்திருந்தேன். ஷூவைக் கழற்றியபோது
டேப்பும் கொப்புளமும் கறுத்த நகமும்.
"என்னுது மாதிரியா?"
"உன்னுது மாதிரிதான்."
அதில் அவளுக்கு என்னவோ ஒரு திருப்தி.
மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி ஷிப்ட் முடிந்து
பைக்கில் பின்னால் ஏறியவள்
பாடி மேம்பாலம் தாண்டுமுன்பே தூங்கிவிட்டாள்.
அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில்
தட்டித் தட்டி,
வயிற்றைச் சுற்றிய அவள் கைகள்
தளர்ந்து தளர்ந்து.
வில்லிவாக்கம், பெரம்பூர்,
ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றுக்கும் கியரைக் குறைத்து,
சிவப்பு விழுமுன்பே வேகத்தை விட்டு,
மெட்ரோ தோண்டிய பள்ளங்களை
மனப்பாடமாய்ச் சுற்றிக்கொண்டு போனேன்.
பின்னால் வந்த ஆட்டோக்காரர்
என் பரம்பரையையே திட்டினார்.

வீட்டு வாசலில் இஞ்சினை அணைத்து,
ஸ்டாண்டு போடாமல்
இரண்டு காலையும் ஊன்றி நின்றேன்.
தெருநாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி படுத்தது.

கொஞ்ச நேரம் கழித்து, கண் திறக்காமல்,
"இன்னும் வீடு வரலையா?" என்றாள்.

"இல்ல" என்றேன்.