மேசை வரைபடம்

விருந்து இரவு எட்டுக்கு.
மாலை நான்கிலிருந்தே என் கையில்
அறுபத்திரண்டு வட்டங்கள் போட்ட தாள்.
வட்டத்துக்குப் பத்துப் பேர்.
பினாங்கின் பொருளாதாரம்
இன்று இந்த மண்டபத்தில் சாப்பிட வருகிறது.
அதை உட்காரவைப்பது என் வேலை.

விதிகளை யாரும் எழுதித் தரவில்லை.
கடன் வாங்கியவர்
வங்கிக்காரரின் முதுகுப்பக்கம் இருக்கலாம்,
முகத்துக்கு நேரே கூடாது.
கடலைத் தூர்த்து வீடு கட்டுகிறவரையும்
மீனவர் சங்கத் தலைவரையும்
ஒரே மீன் தட்டின் முன்னால் வைக்கக் கூடாது.
டத்தோவுக்கு முன்னால் டத்தோஸ்ரீ,
டத்தோஸ்ரீக்கு முன்னால் டான்ஸ்ரீ.
வெறும் 'திரு' என்றால்
தூண் மறைக்கும் மேசைகள் எட்டு இருக்கின்றன.

முதல் மேசை:
டத்தோ ஊய் கிம் செங்.
பாயான் லெப்பாஸில் மூன்று தொழிற்சாலை.
அரிசிமணியில் பாதி அளவுச் சில்லுகள் செய்கிறவர்.
அவருக்கு அரிசி ஆகாது, சர்க்கரை.
சமையலறைக்குத் தனிச் சீட்டு எழுதினேன்.

பக்கத்தில் ஹாஜி ஷேக் முகைதீன் மரைக்காயர்.
நாணயம் மாற்றும் கடை, பதினேழு கிளை.
கை குலுக்கும்போது
அவர் கட்டைவிரல் ஒரு முறை தேய்க்கும்,
நம் கை
எத்தனை தாள் என்று பார்ப்பதுபோல்.

மூன்றாம் மேசை:
செண்பகவல்லி நடேசன்.
சோதனைக் கருவிகள், முந்நூறு ஊழியர்கள்,
போன வருடம் பங்குச் சந்தையில் ஏறிய நிறுவனம்.
அவளும் நானும் ஒரே வரிசையில் இரவு ஷிப்ட்.
நுண்ணோக்கியில் கண்ணை வைத்து
மயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டுவோம்.
கம்பெனி பதிவுக்கு எழுபது ரிங்கிட் குறைந்தபோது
என் சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தேன்.
அடுத்த மாதமே திருப்பினாள், கணக்கு சரி.
பங்கு கேட்டிருக்கலாம்தான்.
அந்த நாளில் பங்கு என்றால் எனக்கு
தீபாவளிக்கு வெட்டும் ஆடு.

ஆறு நாற்பதுக்குச் செயலகத்திலிருந்து அழைப்பு.
"டத்தோ ஊய் முதல் மேசையில் வேண்டாம்."
எங்கே போடுவது?
"பதினொன்று. இல்லை, பன்னிரண்டு."
அந்த இடத்துக்கு
தரவு மையம் கட்ட வந்திருக்கும் வெளிநாட்டுக்காரர்.
பெயரின் எழுத்துகளை இரண்டு முறை சொன்னார்கள்.
காரணம் ஒரு முறையும் சொல்லவில்லை.

பொன் எழுத்து அட்டையை எடுத்தேன்.
கையில் கனமே இல்லை.
பதினொரு மேசை தாண்டி நடந்தேன்.
பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பிய தொழிற்சாலைப் பேருந்துகள்
இந்நேரம் பாலத்தின் நடுவில் இருக்கும்.
ஆயிரத்து நானூறு பேர்.
அவர்களில் என் தம்பி மனைவி கோமளம்,
காதில் பாட்டு, மடியில் சோற்றுப் பாத்திரம்.
செய்தித்தாளுக்கு ஒரு வாரம் ஆகலாம்.
மேசைக்கு முதலில் தெரிந்துவிடுகிறது.

டத்தோ சீக்கிரமே வந்தார், தனியாக.
வாசல் பலகையில்
முதல் வட்டத்தின்மேல் விரலை வைத்தார்.
அங்கிருந்து அது மெதுவாக இறங்கியது,
லிப்டில் மாடி எண்கள் இறங்குவதுபோல்.
பன்னிரண்டில் நின்றது.
பாத்திக் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு
என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.
நானும் அசைத்தேன். வேறென்ன செய்ய?

அட்டையை மாற்றிய நான்
சமையலறைச் சீட்டை மாற்ற மறந்துவிட்டேன்.
உப்பில்லாத வெந்த காய்கறி
முதல் மேசைக்கே போனது.
வெளிநாட்டுக்காரர் இது இந்த ஊர்ப் பலகாரம் என்று நினைத்து
மிச்சம் வைக்காமல் தின்று பாராட்டினார்.
மரைக்காயர் சிரிக்கவில்லை.
செண்பகவல்லி மட்டும்
மூன்றாம் மேசையிலிருந்து திரும்பிப் பன்னிரண்டைப் பார்த்தாள்,
பிறகு என்னை.
பழுதான சில்லைக் கண்டுபிடிக்கும் அதே பார்வை.

மேடையில் பேச்சு: வளர்ச்சி ஏழு விழுக்காடு.
கைதட்டல் ஓயுமுன்
தூணுக்குப் பின்னால் நின்று தட்டினேன்:
'கோமளம், வீட்டுக் கடனுக்கு
இந்த வாரம் கையெழுத்துப் போடாதே.'
இதற்கும் இந்த ஓட்டலில் ஒரு விதி இருக்கும்,
அதையும் யாரும் எழுதித் தரவில்லை.
அனுப்பினேன்.

பன்னிரண்டாம் மேசையில்
டத்தோ ஊய் கிம் செங்
வெள்ளைச் சோற்றை
இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.