கடைசியாக நன்றாக இருந்த நேரம்

வாசலிலேயே கேட்டாள் அந்த மருத்துவர்ப் பெண்:
"கடைசியாக இவர் எப்போது நன்றாக இருந்தார்?"
கையுறையைக் கழற்றியபடி யோசித்தேன்.
எந்த நன்றாக?

ஆறு இருபதுக்கு, பால்தேநீரில் உப்புப் போதவில்லை என்றார்.
ஆறு நாற்பதுக்கு, வலது காலை மட்டும் பூட்ஸில் நுழைத்துவிட்டு
வேலைக்குக் கிளம்பினார்.
"இன்னொன்று?" என்றேன்.
"எந்த இன்னொன்று?"
உலான்பாத்தரில் ஜனவரி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நாலு.
ஒரு கால் சாக்ஸோடு படிக்கட்டில்
இடப்பக்கமாகச் சரிந்தார்,
இரண்டு பேர் தூக்கிய மூட்டையை
ஒருவன் கைவிட்டதுபோல.

ஷிரெந்தேவ்
முப்பத்தொரு வருடம் இந்த நகரத்தின்
வெந்நீர்க் குழாய்களோடு கிடந்தவர்.
நள்ளிரவில் தொலைபேசி வந்தால் ஒன்றுதான் கேட்பார்:
அடைப்பா, வெடிப்பா?
அடைப்பென்றால் ரேடியேட்டர் சில்லிடும்,
குழந்தைகள் கோட்டோடு தூங்கும்.
வெடிப்பென்றால் சுவர் ஊறும்.
இரண்டுக்கும் பை வேறு, சாவி வேறு.

அதையே நான் கேட்டேன்.
நொமுன்தாரி நிமிர்ந்து பார்த்தாள்.
"ஸ்கேன் வரட்டும். அடைப்பைக் கரைக்கிற மருந்தை
வெடிப்புக்குக் கொடுத்தால் ஆளே போய்விடுவார்."
ஸ்கேன் வந்தது.
மூளையின் வலப்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு,
ஜன்னலில் படிகிற பனிப்பூ அளவு.
வெடிப்பு.

பிறகு கேள்விகள். எழுதிக்கொண்டாள், திட்டவில்லை.
ரத்த அழுத்தம்? நூற்றுத் தொண்ணூறு, போன வருடம்.
மாத்திரை? வாங்கினோம்.
தலை வலித்த நாட்களில் போட்டுக்கொண்டார்.
புகை? உண்டு.
ஓட்கா? வாரக் கடைசியில்.
அவருக்கு வாரம் புதன்கிழமையே முடிந்துவிடும்.
உப்பு?
என் கையைப் பார்த்துக்கொண்டேன்.
அப்பா? அவரும் இப்படித்தான், குதிரை மேலிருந்தபடியே.
முன்னால் ஏதாவது?
இலையுதிர் காலத்தில் ஒருமுறை, பதினோரு நிமிடம்,
வாய் கோணிப் பேச்சுக் குழறியது.
தானாகச் சரியாயிற்று.
அன்றிரவு அதை நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தார்
என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூன்று வாரம் ஆகிறது.
தட்டில் வலப்பக்கத்து ஆட்டிறைச்சியைத் தின்றுவிட்டு
"இவ்வளவுதானா?" என்கிறார்.
தட்டைத் திருப்பிவைக்கிறேன்.
"இது எங்கிருந்து வந்தது?"
பாதி முகம் மழிக்கிறார்.
கடிகாரம் வரையச் சொன்னால்
பன்னிரண்டு எண்களும் வலப்பக்கமே
கடைசிப் பேருந்தில் போல நெருக்கியடித்து நிற்கின்றன.

இடது கையைத் தூக்கிக் காட்டினேன்: இது யாருடையது?
கொஞ்ச நேரம் பார்த்தார், மரியாதையாக.
"பக்கத்துப் படுக்கைக்காரருடையது.
கொடுத்துவிடு, தேடுவார்."
சிரித்துவிட்டேன்.
அப்புறம் கழிப்பறைக்குப் போய்க்
குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

கண்ணில் கோளாறு இல்லையாம்.
இடது என்று ஒரு பக்கம் இருப்பதையே
உலகத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம்.

பயிற்சி தருகிற கன்சோரிக் கண்டிப்பானவன்.
"அவர் பார்க்கிற பக்கம் உட்காராதீர்கள் அக்கா.
இடப்பக்கம் இருந்து கூப்பிடுங்கள்.
அவர்தான் தேடி வரவேண்டும்."

உட்கார்ந்திருக்கிறேன்.
வலப்பக்கத்துக் காலி நாற்காலியிடம் கேட்கிறார்:
"துலம்சுரென் இன்று வரவில்லையா?
குளிர் அதிகமோ?"

ஒரு முழம் தள்ளி
அவர் பெயரைச் சொல்கிறேன்.
தாடை அசைகிறது.
மூக்கு நடுக்கோடுவரை வந்து நிற்கிறது.

மறுபடி சொல்கிறேன்.