இரவல் கேள்வி

பொறளையில் இறங்கி
ஆளுக்கு ஆள் துண்டைக் காட்டி
ஒருவாறு வந்து சேர்ந்திருந்தாள் பேச்சாயி.
பசறைப் பக்கத்துத் தோட்டம். இலக்கம் அறுபத்து மூன்று.
துணைக்கு வர வேண்டிய மகளுக்குப்
புறக்கோட்டைப் புடவைக்கடையில் லீவு கிடைக்கவில்லையாம்.

டொக்டர் நோனாவுக்குத் தமிழ் தெரியாது.
மிஸ்ஸியின் தமிழ்
"வலி இருக்கா, வலி இல்லையா" என்பதோடு முடிந்தது.
வழக்கம்போல
வாசலில் மொப் போட்டுக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள்.
கொட்டாஞ்சேனையில் பிறந்தவளுக்கு
இரண்டு மொழியும் சும்மா வரும்.
சம்பளத்தில் ஒரு மொழிக்கும் காசில்லை.

"அஹன்ன" என்றார் டொக்டர். கேட்டேன்.
பேச்சாயி திரைச்சீலையையே பார்த்தாள்.
"அடி எறங்கிருச்சு."
எந்த அடி?
பானைக்கும் அடி உண்டு,
புருஷன் கையிலும் அடி உண்டு.
நாற்பது வருடம் பேசிய சிங்களத்தில்
அதற்கு ஒரு சொல் கிடைக்காமல்
என் வயிற்றைத் தொட்டு, கையைக் கீழே இறக்கிக் காட்டினேன்.

எவ்வளவு காலமாக?
"சின்னவன் பொறந்து மூணாம் மாசம்
திரும்ப மலைக்குப் போனேன். அன்னையிலருந்து."
சின்னவனுக்கு என்ன வயசு?
"இந்த வருசம் ஓ.எல். எடுக்குறான்."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

பதினாறு வருடம்
பழைய சேலைக் கிழிசலைச் சுருட்டி உள்ளே கொடுத்து
மேலே கச்சை இறுக்கி
மலை ஏறியிருக்கிறாள்.
இருபது கிலோ வராவிட்டால் அரைப் பேர்.
கூடைக் கயிறு தலையில்.
பாரம் எங்கே இறங்கியதென்று
தராசுக்குத் தெரியாது.

பரிசோதித்துவிட்டு
ரப்பர் வளையமொன்றை எடுத்துக் காட்டினார் டொக்டர்.
போட்டால் தாங்கும், சொல்லு.
சொன்னேன்.
"எந்த வெரல்லங்க?"
மிஸ்ஸி சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.
உள்ளே என்று விளக்கியதும் பேச்சாயியும் சிரித்தாள்,
பாதியில் நிறுத்தினாள்.
"அவருக்குத் தெரியாமப் போடலாமா?"
அதை மொழிபெயர்த்தபோது
டொக்டர் என் முகத்தைத்தான் பார்த்தார்.
போடலாம் என்றார்.

எனக்கு எப்படி அந்தப் புத்தி வந்ததோ.
நோனா, இவள் இன்னொன்றும் கேட்கிறாள் என்றேன்.
ஊரில் இவளுக்கு ஓர் அக்காவாம்.
மாதவிடாய் நின்று நாலு வருடம்.
போன பெரிய வெள்ளிக்குப் பிறகு
மறுபடி படுகிறதாம், கொஞ்சம் கொஞ்சமாக.
பயப்பட வேண்டியதா என்று கேட்டு வரச் சொன்னாளாம்.

டொக்டர் பேச்சாயியின் பக்கம் திரும்பி
விரலை நீட்டிச் சொன்னார்:
அக்காவை ஒரு கிழமைகூடப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமென்று சொல்லு.
உடனே வரச் சொல்லு. கியன்ன.
பேச்சாயி என்னைப் பார்த்தாள்.
மருந்தை ஒழுங்காக எடுக்கட்டாம் என்றேன்.

வராந்தாவில்
என் வாளித் தண்ணீர் கறுத்துக் கிடந்தது.
பிழியாத மொப்போடு நின்றேன்.
"நான் பத்துச் சொல்லுதான் பேசினேன்" என்றாள் பின்னாலிருந்து.
"நீ எனக்காக நூறு பேசிட்ட."
அப்படியெல்லாம் இல்லையே.
"எனக்குப் புரிஞ்ச ஒரே சிங்களம் அக்கா.
நான்தான் வீட்டுல மூத்தவ."

லவுட்ஸ்பீக்கரில் யாருடைய இலக்கமோ ஓடியது.
பிளாஸ்டிக் கதிரையொன்றை இழுத்துப் போட்டாள்.
"போயி நம்பர் எடு.
பதுளை பஸ் ராத்திரிக்குத்தான்.
எனக்கு பாஷை வராது. பக்கத்துல ஒக்கார வரும்."

வளையம் புதிது.
ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார்ந்தாள்.