மாதிரி 17

கெலுகோர், மூன்றாம் மாடி. குளிரூட்டி இருமுகிறது.
இந்த அறையில் இருமுவது அது ஒன்றுதான்;
நுரையீரல் என்னிடம் எண்களாக வந்து சேர்கிறது.

ஆண், நாற்பத்து நான்கு.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டியவர்.
வலது மேல்மடல் அறுத்தெடுக்கப்பட்டது.
பெயர் இருந்த இடத்தில் பதினேழு.

அந்தக் கட்டி ஓர் உருண்டை என்று தொடங்குகிறேன்.
பொய்தான். அப்படி எழுதினால்தான் சமன்பாடு
ஆரம் என்கிற ஒற்றைத் தடியை ஊன்றி நடக்கும்.
நுண்ணோக்கிப் படத்தில் அது
பாலிக் புலாவ் சந்தையில் பிளந்து வைத்த ஜாதிக்காய்,
ஒருபக்கம் வீங்கி, உள்ளே வரிவரியாய்.

ரத்தம் விளிம்போடு நின்றுவிடுகிறது.
அதற்கப்பால் கெட்டித்தயிர்போல் வெளுத்த சதை.
குழாய் இல்லை, காற்று இல்லை,
கிருமி மட்டும் தூங்குவதாய்ப் பாசாங்கு செய்கிறது.
மாத்திரை அங்கே போக வேண்டும்.
ஏற்றிச் செல்ல ஆளில்லை.
இடமும் வலமும் இடிபட்டு,
வழியில் கிடைத்த கொழுப்பில் ஒட்டிக்கொண்டு,
விட்டு, மறுபடி ஒட்டி…
பரவல் குணகம் என்று நான் தட்டச்சு செய்வது
இந்தத் தயக்கத்தைத்தான்.

அறுவைக்கு முந்தைய பட்டியலில்
பதினொன்றாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் காலி.
கிளினிக்கில் தாதி முன்னால் விழுங்கிவிட்டு
இட வேண்டிய கையெழுத்து இல்லை.
"இட்டு நிரப்பிவிடு" என்றாள் நோர்லைலா.
நிரப்பினேன். வளைகோடு அழகாக வந்தது.

இரவு ஃபெரியில் வீடு திரும்பும்போது
அக்கரைப் பளுதூக்கிகள் விளக்கெரிய நின்றன.
எந்தக் கூண்டு காலி என்று தேடினேன்.
முட்டாள்தனம். அத்தனை உயரத்தில்
காலிக் கூண்டும் ஆளிருக்கும் கூண்டும் ஒன்றுபோலத்தான்.

காலையில் நிரப்பியதை அழித்துவிட்டு ஓட்டினேன்.
ரத்தத்தில் மருந்து பன்னிரண்டாம் நாள் தரைதட்டியது.
விளிம்பு சற்றுப் பின்தங்கி, அதுவும்.
நடுவில் மட்டும் கோடு அசையவே இல்லை.

நிரலில் பிழை என்று மதியம்வரை தேடினேன்.
கூட்டல், கழித்தல், எல்லை நிபந்தனை, எல்லாம் சரி.
உள்ளே போக அத்தனை நாள் அடம்பிடித்தது
வெளியே வரவும் அடம்பிடிக்கிறது, அவ்வளவுதான்.
இரண்டுக்கும் ஒரே குணகம்.
அவர் மறந்த, அல்லது குமட்டிய,
அல்லது இரட்டை ஷிப்ட் பார்த்த அந்த இரண்டு நாளும்
அது உள்ளே இருந்திருக்கிறது.

கொல்லும் அளவுக்குக் கீழே. அதையும் சொல்ல வேண்டும்.
நான் வரைந்த சிவப்புப் புள்ளிக்கோட்டில்
மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.
இருந்தது; போதவில்லை.

அறிக்கையில், அனுமானங்கள் என்ற தலைப்பின் கீழ்
ஐந்தாவதாகச் சேர்த்தேன்:
நோயாளி இரண்டு நாள் வரவில்லை. காரணம் தெரியாது.
ஓரத்தில் நோர்லைலாவின் பென்சில்:
இது அனுமானம் இல்லையே?

இல்லைதான்.
வேறெங்கும் இடம் இருக்கவில்லை.